ஆர்.சி. என் பெயரில், பாலிசி பழைய ஓனர் பெயரில்: விபத்துக்கு யார் பணம் கொடுப்பது?

கேள்வி: தெரிந்தவர் ஒருவரிடம் நான்கரை வருடம் ஓடிய கார் வாங்கினேன். ஆர்.சி.யை உடனே என் பெயருக்கு மாற்றிவிட்டேன். "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, இன்னும் ஏழு மாசம் ஓடும்" என்று அவர் சொன்னதால் பாலிசியை அப்படியே விட்டுவிட்டேன். மூன்றாவது மாதம் ஒரு பைக்குடன் மோதி விபத்து. பைக் ஓட்டியவருக்குக் கால் முறிவு. என் காரில் பம்பர், ஹெட்லைட், ரேடியேட்டர் எல்லாம் போச்சு. பாலிசி என் பெயரில் இல்லை என்று கம்பெனி கிளெய்மை மறுத்துவிட்டது. இப்போது பைக்காரர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு, சம்மனும் வந்துவிட்டது. அதையும் நானே கட்ட வேண்டுமா? இனி எந்த பாலிசி எடுப்பது?

பதில்: முதலில் சம்மன். அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 157-வது பிரிவுப்படி, வண்டி கைமாறினால் அதன் இன்சூரன்ஸும் வாங்கியவர் பெயருக்கு மாறியதாகவே கருதப்படும். 14 நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கவில்லை. ஆனால் அதற்காக அடிபட்டவர் தெருவில் நிற்கக்கூடாது என்பதில் நீதிமன்றங்கள் தெளிவாக இருக்கின்றன. எனவே தவறு உங்கள் மீது என்று தீர்ப்பானாலும் அவருக்கான இழப்பீட்டைக் கம்பெனிதான் கட்ட வேண்டும். ஒன்று மட்டும்: வண்டி ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், பணத்தைக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலித்துக்கொள்ளும்படி கம்பெனிக்குத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம்.

சம்மன் நகலை இன்றே பதிவுத் தபாலில் கம்பெனிக்கு அனுப்புங்கள். வக்கீல் வைத்து ஆஜராகுங்கள். "கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று வீட்டில் இருந்துவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடுவீர்கள், அதாவது நீங்கள் இல்லாமலேயே வழக்கு நடந்துவிடும். கம்பெனிக்குத் தெரியாமல் பைக்காரரிடம் பணம் கொடுத்து சமாதானம் பேசவும் வேண்டாம்.

உங்கள் காரின் சேதத்துக்கு இவ்வளவு நல்ல பதில் என்னிடம் இல்லை. ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் அந்த ஒரே தாளில் இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. மூன்றாம் நபருக்கான பகுதி, சட்டம் கட்டாயமாக்கியது. அது வண்டியோடு போகும். சொந்த சேதத்துக்கான பகுதி, கம்பெனியும் பாலிசிதாரரும் தங்களுக்குள் போட்டுக்கொண்டது. அது ஆளோடு நின்றுவிடும். 157-வது பிரிவின் பாதுகாப்பு முதல் பகுதிக்கு மட்டும்தான் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. விபத்து நடந்த அன்று பழைய ஓனரிடம் கார் இல்லை, உங்களிடம் ஒப்பந்தம் இல்லை. இதுதான் சிக்கல்.

ஒரு வழி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெயர் மாற்றித் தருவதாக ஏஜென்ட் யாராவது பணம் வாங்கினாரா? விபத்துக்கு முன்னால் நீங்களோ பழைய ஓனரோ கம்பெனிக்கு மெயில் அனுப்பினீர்களா? ரசீது, வாட்ஸ்அப் செய்தி, எதுவானாலும் சரி. கிடைத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு. எந்த ஆதாரமும் இல்லை என்றால் வழக்குக்குச் செலவு செய்யாதீர்கள். அந்தப் பணத்தில் காரைச் சரிசெய்து கொள்வதே நல்லது.

பாலிசி முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். புதிய ஆர்.சி. நகல், பழைய பாலிசி, புதிய முன்மொழிவுப் படிவம், பழைய ஓனரின் சம்மதக் கடிதம் இவற்றோடு இந்த வாரமே பெயர் மாற்றத்துக்குக் கொடுங்கள். கம்பெனி ஆள் வந்து காரைப் பார்ப்பார். கொஞ்சம் கூடுதல் பணமும் கேட்பார்கள், அது நியாயமானதுதான்: நோ கிளெய்ம் போனஸ் என்பது கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்காகப் பழைய ஓனர் சம்பாதித்த தள்ளுபடி, காரோடு வராது. 15 லட்ச ரூபாய்க்கான ஓனர்-டிரைவர் தனிநபர் விபத்துக் காப்பீடும் அவருடையதுதான். இப்போது நீங்கள் ஓட்டும்போது உங்களுக்கு ஏதாவது ஆனால் உங்கள் குடும்பத்துக்கு அதில் ஒரு ரூபாய்கூட வராது. எனக்கு ரேடியேட்டரை விட இதுதான் பெரிய கவலை.

அடுத்த பாலிசி பற்றி. கார் பழசாகிவிட்டது, தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று பலர் சொல்வார்கள். குடும்பத்தோடு போகும் காருக்கு அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாலையில் போகிறவருக்குத் தேர்ட் பார்ட்டி பாலிசி பணம் தரும். சொந்தக் காருக்குள் உட்கார்ந்திருக்கும் உங்கள் மனைவிக்கும் அம்மாவுக்கும் அதில் பாதுகாப்பு இல்லை என்றே நீதிமன்றங்கள் சொல்லி வந்திருக்கின்றன. ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசி எடுத்தால் காரில் பயணிப்பவர்களுக்கும் கம்பெனி பொறுப்பேற்க வேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைப் பேசியிருக்கிறது. பிரீமியம் கூடுதல்தான். ஆனாலும் பேக்கேஜே எடுங்கள்.

ஐ.டி.வி.யை, அதாவது பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பை, குறைத்துப் பிரீமியத்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கார் திருடுபோனால் கிடைக்கும் உச்சத் தொகை அதுதான். அப்புறம், பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதி விலையைக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள். ஜீரோ டெப் சேர்த்தால் அந்தக் கழிவு இருக்காது, ஆனால் 5 வருடம் தாண்டிய காருக்கு அதைத் தரப் பல கம்பெனிகள் தயங்கும். கேட்டுப் பாருங்கள். மழைத் தண்ணீர் தேங்கும் பகுதியில் இருந்தால் எஞ்சின் பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முன்மொழிவுப் படிவத்தை ஏஜென்ட்டிடம் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் நீங்களே நிரப்புங்கள். நோ கிளெய்ம் போனஸ் கட்டத்தில், உங்களுடைய வேறு காரில் சம்பாதித்தது இல்லையென்றால், 'இல்லை' என்றே எழுதுங்கள். அங்கே தவறான தகவல் கொடுத்தது பின்னால் தெரிந்தால், சொந்த சேதத்துக்கான கிளெய்ம் முழுவதையுமே மறுக்கக் கம்பெனிக்குக் காரணம் கிடைத்துவிடும்.