மனைவியை வீட்டிலேயே பராமரிக்கத் தேயிலைத் தோட்டத்தை விற்க வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) வசிக்கிறேன். அரசுப் பணியில் ஓய்வு பெற்றவன், வயது 62. ஓய்வூதியம் 18,000 ரூபாய், சேமிப்பு 18 லட்சம். மனைவிக்குப் பார்க்கின்சன் நோய். கோயம்புத்தூரில் உள்ள பராமரிப்பு இல்லத்தில் மாதம் 32,000 ரூபாய் கேட்கிறார்கள். அவரோ வீட்டை விட்டு வர மறுக்கிறார். பகலில் துணையிருக்க உள்ளூர்ப் பெண் ஒருவர் 14,000 ரூபாய்க்கு வரத் தயார். மருந்துக்கு 4,000, வீட்டுச் செலவுக்கு 9,000 ஆகிறது. 40 சென்ட் தோட்டத்தை விற்றுவிடலாமா?

பதில்: இப்போது விற்க வேண்டாம். உங்கள் மனைவியின் விருப்பத்தை நிறைவேற்ற உங்களிடம் இருப்பதே போதும்.

நீங்கள் சொன்ன செலவு மாதம் 27,000 ரூபாய். சேமிப்பில் 15 லட்சத்தை அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இட்டால், 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 30,750 ரூபாய், அதாவது மாதத்துக்கு 10,250 ரூபாய் கிடைக்கும். போட்ட நாளின் வட்டி ஐந்தாண்டுகளுக்கு மாறாது. ஓய்வூதியத்தோடு சேர்த்தால் 28,250 ரூபாய். இந்த வருமானத்துக்கு வரி வராது என்பதால், பிடித்தம் செய்யாதிருக்க ஆண்டுதோறும் உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிடுங்கள். பசுந்தேயிலை விலை ஏறி இறங்குவது உங்களுக்குத் தெரியும். அந்தப் பணத்தை மாதக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரவிலும் ஆள் தேவைப்படும் நிலை வந்தால் அப்போது நிதானமாக நல்ல விலைக்கு விற்பதற்காகவே தோட்டம் இருக்கட்டும்.

மீதி 3 லட்சத்தில் முதல் செலவு வீட்டுக்கு. இந்நோயில் விழுந்து எலும்பு முறிவதுதான் பெரும்பாலும் குடும்பத்தின் கணக்கைக் குலைக்கிறது. நம் மலை வீடுகளில் படிகள் அதிகம். ஆகவே கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, மேற்கத்தியக் கழிப்பறை ஆகியவற்றை இந்த மழைக்கு முன்பே அமைத்துவிடுங்கள். எஞ்சியதை அவசரத்துக்கென வங்கியில் வையுங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயையும் ஏற்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் பெற்றபின் தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். அது கிடைத்தால், மாதத்தில் சில நாள்கள் உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அமர்த்த மட்டும் செலவிடுங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன்: நீங்கள் படுத்துவிட்டால் அவரையும் இல்லத்துக்கு அனுப்ப வேண்டிவரும், உங்கள் ஓய்வும் ஒரு செலவினம்தான். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே இலவசமாக வருவதால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

மருத்துவக் காப்பீடு இருந்தாலும், உதவியாளர் சம்பளத்தை அது பொதுவாகத் தராது.

உங்கள் மனைவி பெயரில் கணக்கோ வைப்போ இருந்தால், கை நடுக்கத்தால் கையொப்பம் மாறும் முன்பே, இருவரில் யாரும் இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றி, வாரிசு நியமனத்தையும் சரிபாருங்கள். ஏற்கெனவே மாறிவிட்டதென்றாலும் கலங்க வேண்டாம்: வங்கி அதிகாரி ஒருவர் உள்பட இரு சாட்சிகள் முன்னிலையில் கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் விதி இடம் தருகிறது. மேலாளரிடம் கேட்டால், அதிகாரி வீட்டுக்கே வருவதற்கும் ஏற்பாடு செய்ய முடியுமா என்பது தெரியும்.