35 வயதில் டேக்வாண்டோ சேர்ந்தேன். கால் இடுப்புக்கு மேல் எழும்ப மறுக்கிறது. தினமும் எவ்வளவு நேரம் ஸ்ட்ரெட்ச் செய்தால் தலை உயரத்துக்கு கிக் வரும்?

பதில் சொல்வதற்கு முன் ஒரு சின்ன சோதனை. உடம்பைக் கொஞ்சம் சூடாக்கிக்கொண்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றி நில்லுங்கள். இன்னொரு கையால் காலைப் பிடித்துப் பக்கவாட்டில் எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ தூக்குங்கள். இப்போது கையை விடுங்கள். கால் எங்கே போய் நிற்கிறது?

எனக்கு மார்பு உயரத்தில் இருந்த கால் பொத்தென்று இடுப்புக்குக் கீழே விழுந்தது. அதாவது மார்பு வரை போகும் அளவுக்குத் தசை நீளுகிறது, அங்கே நிறுத்திவைக்கத்தான் பலம் இல்லை. இந்த விஷயம் தெரியாமல், ஸ்ட்ரெட்ச் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் தரையில் காலை விரித்துக்கொண்டு கிடந்தேன்.

என் கதையும் உங்கள் கதை மாதிரிதான். 8 வது வயதில் மகளை வகுப்பில் சேர்த்தோம். தினமும் கொண்டுபோய் விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று 36 வயதில் நானும் சேர்ந்தேன். காலை ஐந்தரை மணி வகுப்பு. மைதானத்தை இரண்டு சுற்று ஓடியதும் உட்கார வைத்துக் காலை விரிக்கச் சொல்வார்கள், பின்னாலிருந்து ஒருவர் முதுகை அழுத்துவார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தரையில் நெஞ்சைப் பதிப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் மாஸ்டர் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினார். உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில் 'டப்' என்று ஒரு உணர்வு. அப்போது பெரிய வலி இல்லை. மறுநாள் பைக்கில் உட்கார முடியவில்லை.

ஓடும்போது பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். மெதுவாக இழுத்து இழுத்து, தசை எலும்போடு சேரும் இடத்தில் கிழிந்தால் அப்படி இல்லை, மாதக்கணக்கில் இழுக்கும். நாட்டியக் கலைஞர்களுக்கு அதிகம் வருகிற காயம் இது. எனக்கு நாற்காலியில் நிம்மதியாக உட்கார 11 மாதம் ஆனது. மாஸ்டரைக் குறை சொல்லவில்லை, அவரையும் அப்படித்தான் அழுத்தியிருப்பார்கள். ஆனால் யாராவது உங்கள் முதுகில் கை வைத்தால் மரியாதையாக எழுந்துவிடுங்கள்.

அந்த 11 மாதத்தில்தான் ஒழுங்காக யோசிக்க ஆரம்பித்தேன். முதல் தவறு, எதை முன்னால் செய்வது என்ற வரிசையில். சரியாகச் சூடாகாத தசையை இழுத்து நிறுத்துவது வார்ம்-அப் ஆகாது. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால், உடனே அடுத்து வரும் உதையில் வேகமும் விசையும் சற்றுக் குறையவே செய்யும். காலை வகுப்பு என்றால் இன்னொன்றும் உண்டு. இரவு முழுக்கப் படுத்திருந்ததில் முதுகெலும்பின் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்து கால்விரலைத் தொடப் பாடுபடுவது இடுப்பு முதுகுக்கு நல்லதல்ல.

இப்போது நான் செய்வது இதுதான்: ஐந்து நிமிடம் ஸ்கிப்பிங், நெற்றியில் வியர்வை துளிர்க்கும் வரை. அப்புறம் காலை வீசுவது. முன்னால், பக்கவாட்டில், பின்னால், ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு தடவை. முதல் வீச்சு இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், போகப் போகத்தான் உயரம். கோழிக்கோட்டில் ஒரு களரியில் இதைப் பார்த்து அசந்துபோனேன். உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, நேர்க்கால், வீதுகால், கோண்கால் என்று வரிசையாக, தலைக்கு மேல் நீட்டிய கையைக் காலால் தொட்டுக்கொண்டே நடக்கிறார்கள். நாம் 'டைனமிக் ஸ்ட்ரெட்ச்' என்று புதிதாகப் பெயர் சூட்டியது அங்கே அன்றாடப் பாடம். இழுத்துப் பிடிக்கிற வேலையெல்லாம் எனக்கு வகுப்பு முடிந்த பிறகுதான்.

இரண்டாவது தவறு, நிற்கிற காலைக் கவனிக்காதது. எழுகிற கால் மேலேயே கண் வைத்திருந்தேன். பாதம் நேரே பார்க்க நின்று, முழங்காலும் முன்னால் பார்த்தபடியே காலைப் பக்கவாட்டில் தூக்கிப் பாருங்கள். சுமார் 45 டிகிரியில் கால் எதிலோ இடித்தது போல நின்றுவிடும். அது தசை இறுக்கம் மட்டுமல்ல. தொடை எலும்பின் மேல்முனையில் வெளிப்புறமாக ஒரு புடைப்பு இருக்கிறது, அது இடுப்பெலும்பை நெருங்கி வழிமறிக்கிறது. எத்தனை வருடம் ஸ்ட்ரெட்ச் செய்தாலும் எலும்பு விலகாது. ஆனால் இடுப்பைச் சாய்த்துத் திருப்பினால் வழி திறந்துவிடும். டோல்யோ சாகி, அதாவது காலைப் பக்கவாட்டிலிருந்து வட்டமாகச் சுழற்றி அடிக்கும் உதை, உதைக்கும்போது நிற்கிற காலின் குதிகால் எதிராளியைப் பார்க்கும் அளவுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்வது அழகுக்காக இல்லை, இதற்காகத்தான். குதிகாலைத் திருப்பப் பழகிய இரண்டே வாரத்தில் என் உதை மார்பிலிருந்து கழுத்துக்குப் போனது. தசை ஒரு அங்குலம்கூட நீண்டிருக்காது.

மூன்றாவது, பலம். எனக்கு அதிகம் பலன் தந்தது மெதுவான உதை. சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கித் தூக்கி, நான்கு எண்ணும் வரை மெல்ல நீட்டி, ஐந்து எண்ணும் வரை அங்கேயே நிறுத்தி, மெல்ல மடக்கி இறக்க வேண்டும். ஐந்தாவது தடவையில் இடுப்பின் பக்கவாட்டுத் தசை எரிய ஆரம்பிக்கும், கால் நடுங்கும். அவமானமாக இருக்கும், பரவாயில்லை. வாரத்தில் மூன்று நாள் போதும்.

உள்தொடைக்கு, குதிரை நிலையில் (கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி) நின்று பாதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொண்டே போங்கள். இழுவை தெரியும் இடத்தில் நின்று, தரையைக் கத்தரிக்கோல் மாதிரி இரு கால்களாலும் உள்நோக்கி அழுத்துங்கள். எட்டு விநாடி. தளர்த்துங்கள். இன்னும் ஒரு விரற்கடை இறங்கும். கையால் தரையிலோ நாற்காலியிலோ ஊன்றிக்கொண்டு செய்வது நல்லது. இதையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், தொடை வலிக்கிற நாளில் தொடாதீர்கள்.

ஆக, 'தினமும் எவ்வளவு நேரம்' என்ற கேள்விக்கு: வெறும் இழுத்துப் பிடிப்பதற்கு, வகுப்புக்குப் பிறகு ஒரு தசைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் நான் செலவழிப்பதில்லை. தசையின் நடுவில் இழுவை தெரிந்தால் சரி. எலும்போடு ஒட்டும் இடத்திலோ, கவட்டையின் முன்பக்கம் கிள்ளுவது போலவோ வலித்தால் நிறுத்திவிடுங்கள். இடுப்புக் குழியின் ஆழமும் கோணமும் ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்குப் பக்கவாட்டு ஸ்பிளிட் (இரு காலையும் பக்கவாட்டில் விரித்துத் தரையோடு படிய உட்காருவது) முழுதாக வரவே வராது. முழு ஸ்பிளிட் வராமலே தலைக்கு உதைப்பவர்கள் இருக்கிறார்கள், நானே ஒருவன்.

தலைக்கு உதைத்தே ஆக வேண்டுமா என்றும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். போட்டிக்குப் போவதென்றால் சரி, மார்புக் கவசத்தில் உதைத்தால் 2 புள்ளி, தலைக்கு 3. போகவில்லையென்றால், வயிற்றில் விழும் சுத்தமான ஒரு உதைக்குக் குறையொன்றும் இல்லை. ஜப்பானின் ஒகினாவா தீவின் பழைய கராத்தே கட்டாக்களில் (தனியாகச் செய்து பழகும் அசைவு வரிசைகளில்) உதைகள் பெரும்பாலும் தாழ்வாகத்தான் இருக்கின்றன. ஆனால் இதையெல்லாம் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? மாட்டேன். உயரே உதைப்பதில் ஒரு குஷி இருக்கிறது.

காயம் ஆறிய பிறகு இந்த முறையில் எனக்கு எட்டு மாதம் பிடித்தது. வலது கால் மகளின் தாடைக்கு நேராகப் போனது, இடது கால் தோள்பட்டையோடு சரி. இப்போது எனக்கு 43, அவளுக்கு 15. என்னைவிட இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டாள். கிக் பேடைத் தாடைக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்தான்ப்பா" என்கிறாள்.