வாசகர் கேள்வி – பதில்: "விசுவாசம் போதவில்லை" என்கிறார்களே!

கேள்வி: என் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. இரண்டு வருடமாக ஜெபிக்கிறோம், சுகம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வரும் ஜெபக்குழுவினர், "விசுவாசம் குறைவு, மறைவான பாவம் ஏதோ இருக்கிறது" என்கிறார்கள். அவர் இப்போது யாரையும் பார்க்க மறுக்கிறார். – வாசகி, நாகர்கோவில்

பதில்: மறுக்க அவருக்கு உரிமை உண்டு, சகோதரி. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதைத்தான்: இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9:3). சந்திரரோகியான, அதாவது வலிப்பு நோயுள்ள பையனைச் சீஷர்களால் சொஸ்தமாக்க முடியாமல் போனபோது, அவிசுவாசத்துக்காகக் கடிந்துகொள்ளப்பட்டது அவர்கள்தான். பையனை யாரும் குறை சொல்லவில்லை (மத்தேயு 17). யாக்கோபு 5:14-ன்படி நோயாளி செய்யவேண்டியது மூப்பர்களை வரவழைப்பது மட்டுமே. எண்ணெய் பூசி விசுவாசத்தோடு ஜெபிப்பது மூப்பர்களின் வேலை. குறையைத் தேடித்தான் ஆகவேண்டும் என்றால், வந்தவர்களிடமிருந்தே தொடங்கலாமே! பெதஸ்தா குளத்தருகே 38 வருடம் வியாதியாய்க் கிடந்தவனுக்கோ, தன்னைக் குணமாக்கியவர் யார் என்றே தெரியாது.

பெரும்பாடுள்ள, அதாவது ரத்தப்போக்கு நிற்காத ஸ்திரீயிடம் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று இயேசு சொன்னது உண்மை. ஆனால் அவளிடம் சொன்னதை வைத்துக் குணமாகாதவர்களை அளக்க வேதத்தில் இடமில்லை. தன் மாம்சத்தில் ஒரு 'முள்' என்று பவுல் சொன்ன வேதனை, அவர் மூன்று தரம் வேண்டிக்கொண்டும் நீங்கவில்லை; "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. அந்த முள் நோய்தானா என்று வேதபண்டிதர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பவுலின் உடன் ஊழியர்கள் விஷயத்தில் அந்தக் குழப்பமும் இல்லை. துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). அடிக்கடி பலவீனப்பட்ட தீமோத்தேயுவுக்கு, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி எழுதினார். டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் விழுந்து அடிபட்டபின், 1951-ல் மறையும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். அவருக்காக ஜெபிக்க ஆளில்லாமலா போயிற்று?

வருகிறவர்களுக்குச் சில நிபந்தனைகளை நீங்களே சொல்லிவிடுங்கள். டயாலிசிஸ் முடிந்த அன்று மாலை வேண்டாம், அவர் களைத்திருப்பார். பத்து நிமிடம் போதும். கைவைத்து ஜெபிக்கும்போது ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து அமைத்த வழி) போட்ட கையைப் பிடித்து அழுத்தக்கூடாது. ரத்த ஓட்டம் தடைப்பட்டு உறைந்தால் அந்த வழியே அடைபடலாம். இளநீர், ஆரஞ்சு ஜூஸ், வாழைப்பழம் கொண்டுவர வேண்டாம். அவற்றின் பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். என்னவென்று ஜெபிப்பது என்று கேட்டால், தாகத்தை அடக்கும் பெலனுக்காகவும், ஊசி போடும் இடம் கெடாமல் இருக்கவும், போக்குவரத்துச் செலவுக்காகவும் ஜெபிக்கச் சொல்லுங்கள். பண உதவியும் கூடவே வந்தால் நல்லது.

கேள்வி: சுகமளிக்கும் கூட்டத்தில் என் தங்கைக்கு வலிப்பு நீங்கிவிட்டதாக அறிவித்தார்கள். மாத்திரையைத் தொடர்ந்தால் அவிசுவாசம் என்கிறாள் அம்மா. – வாசகர், தூத்துக்குடி

பதில்: மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால், விட்டுப்போன வலிப்பு முன்னைவிடக் கடுமையாக, ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடும். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள். பொதுவாக இரண்டு வருடமாவது வலிப்பில்லாமல் இருந்த பிறகுதான், மருத்துவர் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அளவைக் குறைத்து நிறுத்தலாமா என்று யோசிப்பார்.

அம்மாவிடம் லூக்கா 17:14-ஐக் காட்டுங்கள். குஷ்டரோகிகள் பத்துப்பேரையும் ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார் இயேசு. சுத்தமாயிற்றா என்று பார்த்து அறிவிப்பது அன்று ஆசாரியனின் பொறுப்பு. இன்று அந்த வேலை நரம்பியல் மருத்துவருடையது. சாட்சி சொல்வதற்கு அவசரம் என்ன? மருத்துவர் எழுதிக் கொடுத்தபின் சொல்லட்டும்.

கேள்வி: மகனை இழந்தபின் கோபம்தான் வருகிறது. ஜெபிக்க முடியவில்லை. – வாசகி, மதுரை

பதில்: சங்கீதம் 88-ஐ வாசியுங்கள், அம்மா. 18 வசனங்கள், கடைசிவரை ஆறுதல் வராமலே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அதுவும் முடியாவிட்டால் சும்மா இருங்கள்; சபையார் உங்களுக்காக ஜெபிக்கட்டும். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, போதகரிடம் சொல்வதோடு மனநல மருத்துவரையும் தாமதிக்காமல் பாருங்கள்.

கேள்வி: சுகத்துக்காக மூன்று நாள் உபவாசம் இருக்கலாமா? எனக்குச் சர்க்கரை உண்டு. – வாசகர், திருச்சி

பதில்: இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் மூன்று நாள் பட்டினி கிடப்பது ஆபத்து. மருந்து வேலை செய்துகொண்டே இருக்கும், உணவு மட்டும் இருக்காது; ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். ஒரு வேளை உபவாசம் என்றாலும் அன்றைய மருந்தின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தாலோ, குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினாலோ, ஜெபத்தின் நடுவே இருந்தாலும் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். உணவுக்குப் பதிலாகத் தொலைக்காட்சியையோ கைபேசியையோ விட்டு உபவாசிக்கலாம். மருத்துவரின் அனுமதி தேவைப்படாது.