பாங்காக் மழையும் வெள்ளமும்: இங்கே குடியிருக்கும் நம் ஆட்கள் கேட்டவை

நான் குடும்பத்தோடு பாங்காக்கில் இருப்பவன், 2011 வெள்ளத்தின்போதும் இங்கேயேதான் இருந்தேன். மழைக்காலம் வந்தாலே நம் ஆட்களிடமிருந்து கேள்விகள் வர ஆரம்பித்துவிடும், அவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வேலைக்காக இந்த வருஷம்தான் ஆன் நுட் பக்கம் வந்தோம். சாயங்காலம் ஒரு மணி நேரம் மழை பெய்தால் எங்கள் சோயில் (கிளைத் தெருவில்) முழங்கால் அளவு தண்ணீர். இதுதான் வெள்ளமா? 2011 மாதிரி வந்துவிடுமா?

நீங்கள் பார்ப்பது வேறு தண்ணீர், 2011இல் வந்தது வேறு தண்ணீர். இந்த ஊரில் இருக்கிறவர்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான், ஏனென்றால் இரண்டுக்கும் செய்ய வேண்டியவை வேறு.

முதலாவது மழைத் தண்ணீர். பாங்காக் கடல்மட்டத்துக்குச் சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரத்தில், களிமண் நிலத்தில் இருக்கிறது. தண்ணீர் தானாக ஓடிப் போக சரிவே கிடையாது, பம்ப் வைத்து வாய்க்காலுக்கும் அங்கிருந்து சாவ் பிரயா ஆற்றுக்கும் தள்ளியாக வேண்டும். நகரத்தின் வடிகால் மணிக்கு 60 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் அளவுக்குக் கட்டியது, செப்டம்பரில் ஒரு நல்ல இடிமழை அதைத் தாண்டிவிடும். அப்போது லாட் ப்ராவ், ராட்சடாபிசேக், ராம்கம்ஹேங், பாங் நா, சுகும்வித் சோய்களில் எல்லாம் தண்ணீர் நிற்கும். ஒன்றிரண்டு மணி நேரம், மோசமான நாளில் விடிகாலை வரை, அப்புறம் வடிந்துவிடும்.

இரண்டாவது ஆற்றுத் தண்ணீர். வடக்கே பெய்த மழை பிங், வாங், யோம், நான் என்ற நாலு ஆறுகளில் இறங்கி நகோன் சவானில் ஒன்றாகி, அயுத்தயா வழியாகத் தெற்கே வருகிறது. அது ஒரே ராத்திரியில் வராது. 2011இல் ஜூலைக் கடைசியில் நாக்-டென் புயலோடு ஆரம்பித்தது, அயுத்தயா தொழிற்பேட்டைகள் மூழ்கியது அக்டோபர் தொடக்கத்தில், டான் முவாங் விமான நிலையத்தை மூடியது அக்டோபர் 25. இடையில் எவ்வளவு நாள் இருந்தது என்று பாருங்கள். உங்கள் சோயில் தேங்குவதைப் பார்த்து 2011 திரும்பி வருகிறது என்று பயப்பட வேண்டாம். அதே சமயம் உங்கள் தெரு காய்ந்து கிடக்கிறது என்பதற்காக நகோன் சவான் செய்தியைத் தள்ளிவிடவும் வேண்டாம்.

கேள்வி: அசோக்கில் ஆபீஸ். ஐந்து மணிக்கு மழை பிடித்தால் வீட்டுக்கு எப்படிப் போவது? டாக்ஸியே நிற்பதில்லை.

டாக்ஸிக்கு நிற்காதீர்கள், ஆபீஸிலேயே உட்கார்ந்துவிடுங்கள். மழை விட்டதும் கிளம்புகிறவரைவிட, விட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புகிறவர்தான் பெரும்பாலும் முதலில் வீடு சேர்வார். பிடிஎஸ் ரயில் மேலே ஓடுகிறது, எம்ஆர்டி ரயிலின் சுரங்க நிலையங்களின் வாசலைத் தெருவைவிட உயர்த்திப் படி வைத்துக் கட்டியிருக்கிறார்கள், இரண்டையும் நம்பலாம். சேன் சேப் வாய்க்கால் படகை மட்டும் நம்ப வேண்டாம், தண்ணீர் ஏறினால் பாலத்துக்கு அடியில் படகு நுழைய முடியாது, நிறுத்திவிடுவார்கள். பெருநகர நிர்வாகத்தின் மழை ராடார் படம் இணையத்தில் இருக்கிறது, நோங் சோக், நோங் கேம் இரண்டு இடத்திலிருந்தும் எடுக்கிறார்கள். நாலு மணிக்கு அதை ஒரு தடவை பார்க்கும் பழக்கம் வைத்துக்கொண்டால் முக்கால்வாசி அவஸ்தை போய்விடும்.

கேள்வி: தண்ணீரில் நடந்து போவது ஆபத்தா? பையனைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டியிருக்கிறது.

ஆபத்துதான், ஆனால் நீங்கள் நினைக்கிற ஆபத்து இல்லை. ஊர்க்காரர்கள் சாதாரணமாக நடந்து போவதைப் பார்த்து நாமும் இறங்கிவிடுகிறோம். அவர்களுக்கு அந்தத் தெருவில் எங்கே மூடி உடைந்திருக்கிறது, எந்தக் கம்பத்தில் ஒயர் தொங்குகிறது என்று தெரியும். நமக்குத் தெரியாது.

மின்சாரத்துக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும். 2011இல் மூழ்கிச் செத்தவர்களுக்கு அடுத்தபடி அதிகம் பேர் மின்சாரம் தாக்கித்தான் செத்தார்கள், அதில் பலர் வீட்டுக்குள்ளேயே. அதனால் தெருவில் விளக்குக் கம்பம், ஏடிஎம், குடிநீர் இயந்திரம், விளம்பரப் பலகை, இரும்புக் கதவு எதையும் தொடாமல் நடக்கச் சொல்லுங்கள், சாயக்கூட வேண்டாம். காலில் சுருக்கென்று ஒரு கூச்சம் தெரிந்தால் முன்னே போகாமல் வந்த வழியே திரும்புங்கள். ஒருவர் தண்ணீரில் விழுந்து துடித்தால் கையால் இழுக்கப் போகாதீர்கள், அவசர மருத்துவ உதவிக்கான 1669க்கும் மின் வாரியத்தின் 1130க்கும் கூப்பிடுங்கள். பாங்காக், நொந்தபுரி, சமுத் பிராகானுக்கு 1130, மற்ற மாகாணங்களுக்கு 1129.

வீடு தரைத்தளம் என்றால், தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன்பே மெயினை அணைத்துவிட வேண்டும். காலில் தண்ணீர் இருக்கும்போது பெட்டியைத் தொடவே கூடாது. பழைய டவுன்ஹவுஸ் பலவற்றில் ப்ளக் பாயிண்ட் முழங்காலுக்குக் கீழே இருக்கும், மேல்மாடிக்குத் தனி பிரேக்கர் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் இப்போதே கேளுங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை வைத்துப் பிரித்துவிடுங்கள், பெரிய செலவு இல்லை.

மூடி போன சாக்கடைக்கு ஒரு குடை போதும், முன்னால் குத்திப் பார்த்துக்கொண்டு போகலாம். தெருவின் நடுப்பகுதி ஓரத்தைவிட நல்லது. சின்னக் குழந்தை என்றால் அரை மணி நேரம் பள்ளியிலேயே இருக்கட்டும். அவர்களுக்கும் இது பழக்கம்தான், பிள்ளையை வெளியே தள்ள மாட்டார்கள்.

கேள்வி: காரை எங்கே வைப்பது? கண்டோவில் பார்க்கிங் பேஸ்மென்டில். இன்ஷூரன்ஸ் பணம் தருமா?

முதல் வகுப்பு பாலிசியில் வெள்ளம் வழக்கமாக அடங்கும். இரண்டு பிளஸ், மூன்று பிளஸ் எடுத்தவர்கள் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள், தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. கட்டாய இன்ஷூரன்ஸ் ஆளுக்கு அடிபட்டால்தான், வண்டிக்கு ஒரு பாட்கூட வராது. தெரிந்தே ஆழத் தண்ணீரில் ஓட்டினீர்கள் என்று தகராறு பண்ணவும் இடமிருக்கிறது, அதனால் தேங்கிய தெருவுக்குள் ஓட்டுவதைவிட ஒரு மாலில் நாலாவது மாடியில் நிறுத்திவிட்டு ரயிலில் வருவது மேல். வண்டி தண்ணீரில் அணைந்துவிட்டால் தயவுசெய்து மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு முயற்சியிலேயே கனெக்டிங் ராட் வளைந்துவிடும், பழுது பார்த்திருக்கக் கூடிய வண்டி அதோடு போச்சு. பேஸ்மென்ட் பற்றி உங்கள் கட்டட நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள்: பம்ப் எத்தனை, ஜெனரேட்டரும் டிரான்ஸ்பார்மரும் எந்தத் தளத்தில் என்று. அவையும் கீழேதான் என்றால் இருபதாவது மாடியில் இருந்தாலும் லிஃப்டும் தண்ணீரும் இல்லாமல் உட்கார வேண்டியிருக்கும்.

கேள்வி: ரங்சித் பக்கம் ஆராய்ச்சி மாணவி நான். நிஜமாகவே ஆற்று வெள்ளம் வந்தால் என்ன செய்ய?

உங்கள் கேள்விக்கு விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் 2011இல் அதிகம் அடிபட்டதில் உங்கள் பக்கமும் ஒன்று. ஏஐடி (ஆசியத் தொழில்நுட்பக் கழகம்) வளாகமே மூழ்கிப்போய் மாணவர்களை வெளியேற்றினார்கள், அதில் நம் நாட்டுப் பிள்ளைகளும் இலங்கைப் பிள்ளைகளும் நிறையப் பேர். தம்மசாத் பல்கலைக்கழகத்தின் ரங்சித் வளாகம் வெள்ளத்தில் வந்தவர்களுக்கு முகாமாக இருந்தது, கடைசியில் அந்த முகாமையே காலி பண்ண வேண்டியதாகிவிட்டது. நகரத்தின் உள்பகுதியைக் காப்பாற்ற வடக்கே பெரிய பெரிய மணல் மூட்டைகளை அடுக்கித் தடுத்தார்கள், சீலோமும் சுகும்வித்தும் பெரும்பாலும் காய்ந்தே இருந்தன. தடுப்புக்கு வெளியே ரங்சித், டான் முவாங், பாங் புவா தோங் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் தண்ணீர் நின்றது. தடுப்புக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதுதான் அப்போது எல்லாவற்றையும் முடிவு பண்ணியது. அந்த மக்கள் பட்ட கஷ்டம் உள்ளே இருந்த எங்கள் பலருக்கு முழுசாகத் தெரியவே இல்லை, இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது. நாடு முழுக்க 800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதனால் செப்டம்பர், அக்டோபரில் சாவ் பிரயா அணை எவ்வளவு திறக்கிறார்கள் என்ற செய்தியைக் கவனியுங்கள். சைநாட்டில் இருக்கிறது அந்த அணை. அயுத்தயாவின் பாங் சாய் அளவீட்டு நிலையத்தைத் தாண்டும் தண்ணீரையும் பாருங்கள். 2011 உச்சத்தில் நகோன் சவானில் வினாடிக்கு 4,600 கன மீட்டருக்கு மேல் ஓடியது. எண் ஏறிக்கொண்டே போகிறது, அயுத்தயாவில் பேட்டைகளுக்கு மண்கரை போடுகிறார்கள் என்றால் கிளம்பிவிடுங்கள். வளாகத்தில் அறிவிப்பு வரட்டும் என்று கடைசிவரை இருந்தால் அப்புறம் லாரியில் ஏறித்தான் வர வேண்டியிருக்கும். கிழக்கே பட்டாயா, தென்மேற்கே ஹுவா ஹின் இரண்டு பக்கமும் 2011இல் ஜனங்கள் போனார்கள், அறைகள் வேகமாக நிரம்பின. இன்னொன்று: பாட்டில் தண்ணீரும் முட்டையும் நூடுல்ஸும் காய்ந்து இருந்த பகுதிகளிலும் கடைகளில் தீர்ந்துபோயின. பத்து நாளுக்கு அரிசி, பருப்பு, குடிதண்ணீர், சின்ன கேஸ் அடுப்பு வைத்திருந்தால் கூட்டத்தோடு ஓட வேண்டாம்.

கேள்வி: தரைத்தள வீட்டில் தண்ணீர் புகுந்தால் வாடகை முழுசாகக் கொடுக்க வேண்டுமா? சாமான் போனால்?

வாடகைக்கு எடுத்த இடத்தில் ஒரு பகுதி உங்கள் தவறில்லாமல் போனால் அந்த அளவுக்கு வாடகையைக் குறைக்கக் கேட்கலாம், தாய்லாந்து குடிமை வணிகச் சட்டத்தின் 568ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் சட்டப் பிரிவை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்காதீர்கள், இந்த ஊரில் அது வேலைக்கு ஆகாது. தேதியோடு போட்டோ எடுத்து, லைன் ஆப்பில் மரியாதையாக அனுப்பி, இந்த மாதம் எவ்வளவு கொடுக்கட்டும் என்று கேட்டால் நிறைய வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள். சாமான் விஷயம்: வீட்டுக்காரரின் தீ இன்ஷூரன்ஸில் வெள்ளத்துக்கும் சேர்த்து இயற்கைச் சேதத்துக்கு வழக்கமாக வருஷத்துக்கு 20,000 பாட்தான், அதுவும் அவருடையது. உங்கள் லேப்டாப்பும் பிரிட்ஜும் அதில் இல்லை.

கேள்வி: வெள்ளத்தால் வேறு ஊரில் தங்கினால் விசா சிக்கல் வருமா? பாஸ்போர்ட் நனைந்துவிட்டால்?

நாம் 90 நாளுக்கு ஒரு தடவை குடிவரவு அலுவலகத்தில் முகவரி சொல்லிக் கொடுக்கும் 90 நாள் அறிக்கை வெள்ளத்துக்காகத் தானாகத் தள்ளிப் போகாது. நேரில் கொடுப்பதென்றால் கெடு தேதிக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்வரை கொடுக்கலாம், வானிலை மோசமாகிறது என்று தெரிந்தால் முன்னாலேயே முடித்துவிடுங்கள். நண்பர் வீட்டில் தங்கினால் டிஎம்30 பதிவு (வெளிநாட்டவர் தங்கியிருப்பதைக் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது) அந்த வீட்டுக்காரர் பொறுப்பு, 24 மணி நேரத்துக்குள். அவருக்கு இது தெரியாமலே இருக்கலாம், நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

நனைந்த பாஸ்போர்ட்டை ஹேர் டிரையரால் சூடாக்காதீர்கள், பக்கங்களுக்கு நடுவே தாள் வைத்து விசிறிக் காற்றில் காய விடுங்கள். எழுத்தோ போட்டோவோ கலைந்திருந்தால் தூதரகத்தில் மாற்றி வாங்க வேண்டும், இந்தியத் தூதரகம் சுகும்வித் சோய் 23இல் இருக்கிறது. புதிய பாஸ்போர்ட் வந்ததும் குடிவரவு அலுவலகத்தில் முத்திரையை மாற்றிக்கொள்ள மறக்க வேண்டாம்.

கேள்வி: தண்ணீரில் நடந்த ஒரு வாரத்தில் காய்ச்சல். டோலோ போட்டுப் பார்க்கலாமா?

டோலோ போடலாம், ஆனால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் முதலாவதை நினைக்க வேண்டும். ஆஸ்பிரின், புரூபென் வேண்டாம், டெங்கு என்றால் ரத்தக் கசிவை அவை கூட்டும். வெள்ளத் தண்ணீரில் இறங்கினேன் என்பதை டாக்டரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். காலில் புண் இருந்தால் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

கேள்வி: குளியலறையில் பாம்பு!

கதவைச் சாத்திவிட்டு, கீழ் இடுக்கில் ஈரத்துணி அடைத்து, 199க்கு அடியுங்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து பிடித்துப் போவார்கள். நீங்கள் அடிக்கப் போகாதீர்கள்.

கேள்வி: சியாங் மாய்க்கு மாறப் போகிறோம், அங்கே தேவலையா? ஹட் யாய்?

சியாங் மாயில் வெள்ளம் வேகமாக ஏறும். நவரத் பாலத்துப் பக்கம் பிங் ஆறு 3.70 மீட்டரைத் தாண்டினால் கரை வழிகிறது, 2024 அக்டோபரில் 5.30 வரை போனது. ஆற்றங்கரைச் சாலை, நைட் பஜார் பக்கம் தரைத்தள வீடு வேண்டாம். ஹட் யாய் கணக்கே வேறு: அங்கே பெரிய மழை நம் ஊர் மாதிரி வடகிழக்குப் பருவக்காற்றில், நவம்பர், டிசம்பரில். 2000, 2010, 2025 மூன்று தடவையும் நவம்பரில்தான் நகரம் மூழ்கியது. பாங்காக்கில் மழை விட்டுவிட்டது என்று டிசம்பர் வரைக்கும் அங்கே அலட்சியமாக இருக்கக் கூடாது.

கேள்வி: சென்னையில் அம்மா டிவி பார்த்துவிட்டு அழுகிறார். என்ன சொல்வது?

2015 டிசம்பரை நேரில் பார்த்தவர்கள் அவர்கள், பயம் நியாயமானது. "ஒன்றுமில்லை" என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். எந்த மாடி, வீட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அடுத்த போன் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுங்கள். சார்ஜ் போனால் பேச முடியாது என்பதையும் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் அவர்கள் பதற மாட்டார்கள்.

கேள்வி: தாய் மொழி தெரியாது. எச்சரிக்கை எப்படிக் கிடைக்கும்?

கைபேசிக்கு நேராக வரும் அவசரச் செய்தியை 2025இல் சோதித்தார்கள், ஆங்கிலத்திலும் வருகிறது, போனில் அதை அணைத்து வைக்காதீர்கள். வானிலைத் துறை 1182, பேரிடர்த் துறை 1784, பாங்காக் நகர நிர்வாகம் 1555. தெருவில் தண்ணீர் நிற்கிறது, மூடி இல்லை என்றால் டிராஃபி ஃபாண்டூ என்ற புகார் ஆப்பில் போட்டோ போடுங்கள், ஆள் வருகிறார்கள்.

கேள்வி: அடுத்த மாதம் வீடு மாற்றுகிறோம். எதைப் பார்த்து எடுக்க வேண்டும்?

மழை நாளில் போய்ப் பாருங்கள், ஏஜென்ட் வெயில் நாளில்தான் கூப்பிடுவார். மதில் சுவரில் பழைய தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் நிற்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறாரா, ஏசி வெளிப்பெட்டியைத் தூக்கி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் சோய் முனையில் ஆரஞ்சுச் சட்டையோடு நிற்கும் பைக் டாக்ஸிக்காரரிடம், மழை பெய்தால் இங்கே எதுவரை வரும் என்று காலைத் தொட்டுக் காட்டிக் கேளுங்கள், மொழி தெரியாவிட்டாலும் அவர் கையை வைத்து அளவு காட்டிவிடுவார்.