‘தி இன்னர் லைட்’: பம்பாயில் பதிவான பீட்டில்ஸ் பாடல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆங்கில இசைக்குழுவான பீட்டில்ஸின் ‘லேடி மடோனா’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் உள்ள ‘தி இன்னர் லைட்’ பம்பாயில் பதிவானது என்று எழுதியிருந்தீர்கள். பீட்டில்ஸ் இந்தியாவில் தங்கியது ரிஷிகேஷில் அல்லவா? பம்பாயில் நால்வரும் பாடினார்களா? பாட்டில் கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை. வாசித்தவர்கள் நம் நாட்டுக் கலைஞர்கள் என்றால், அதை பீட்டில்ஸ் பாடல் என்று எப்படிச் சொல்வது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பம்பாய்க்கு நால்வரும் வரவில்லை. ஜார்ஜ் ஹாரிசன் மட்டும் வந்தார், ரிஷிகேஷ் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, 1968 ஜனவரியில். ‘வொண்டர்வால்’ என்ற ஆங்கிலப் படத்துக்குப் பின்னணி இசை அமைக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அதற்காகக் கோட்டைப் பகுதியில் இருந்த எச்.எம்.வி. ஸ்டூடியோவில் சில நாட்கள் பதிவு நடந்தது. பட வேலை முடியும் தறுவாயில், அதே கலைஞர்களை வைத்துத் தன் பாட்டான ‘தி இன்னர் லைட்’டுக்கான இசையையும் பதிவுசெய்துகொண்டார்.

அந்த ஸ்டூடியோவைப் பற்றி ஹாரிசன் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னவை எனக்கு மிகவும் பிடித்தவை. அங்கே இருந்தது ஒரே தடத்தில் பதியும் மோனோ கருவி மட்டுமே. ஸ்டீரியோவில் பதிவுசெய்ய வேண்டும் என்பதற்காக, எச்.எம்.வி.யை நடத்திய கிராமபோன் கம்பெனியின் பாஸ்கர் மேனன் கல்கத்தாவிலிருந்து இரண்டு டிராக் கருவி ஒன்றை ரயிலில் கொண்டுவந்தாராம். (பின்னாளில் அமெரிக்காவின் கேபிடல் ரெக்கார்ட்ஸுக்குத் தலைவரான அதே மேனன்தான்.) அறைக்கு ஒலித்தடுப்பு கிடையாது. தெருவில் டாக்சி போனால் அதுவும் நாடாவில் ஏறிவிடும். மாலை ஐந்தரைக்குக் கீழே உள்ள அலுவலகங்கள் விட்டு ஊழியர்கள் படியிறங்கும் சத்தம் எழும்போது பதிவை நிறுத்தியே ஆகவேண்டும். லண்டனில் கேட்டதெல்லாம் கிடைத்த ஒருவர் இந்த அறைக்கு விரும்பி வந்தார் என்றால், அவருக்கு வேண்டியிருந்தவர்கள் இங்கேதான் இருந்தார்கள் என்று அர்த்தம்.

புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. சரோட் என்ற தந்தி வாத்தியம் ஆஷிஷ் கான். மிருதங்கம் போன்ற பக்கவாஜ் மகாபுருஷ் மிஸ்ரா. ஷெனாய் ஹனுமான் ஜாதவ். ஆர்மோனியம் ரிஜ்ராம் தேசாட். ஹாரிசன் இதில் எந்த வாத்தியமும் வாசிக்கவில்லை, சிதார்கூட. முந்தைய ஆண்டில் வந்த அவருடைய ‘விதின் யூ விதவுட் யூ’ பாடலில் இந்திய வாத்தியங்களோடு மேற்கத்திய வயலின்களும் செல்லோக்களும் உண்டு. இங்கே அந்தக் கலப்பே இல்லை. துள்ளலாகத் தொடங்கும் இசை, குரல் நுழையும் இடத்தில் தணிந்து குழலுக்கு வழிவிடுகிறது. இரண்டரை நிமிடங்களுக்குச் சற்று அதிகமான பாட்டுக்குள் இது திரும்பத் திரும்ப நடக்கிறது, ஒரு முறைகூட அவசரமாகத் தெரிவதில்லை.

பாட்டின் வரிகள் வந்த வழி வேறு. கேம்பிரிட்ஜில் இருந்த சமஸ்கிருத அறிஞர் ஹுவான் மஸ்கரோ, பகவத் கீதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், 1967 இறுதியில் ஹாரிசனுக்குத் தன் தொகுப்பு நூல் ஒன்றை அனுப்பி, அதிலுள்ள பண்டைய சீனத் தாவோ ஞான வரிகளுக்கு இசையமைக்கலாமே என்று எழுதினார். ஹாரிசன் ‘தாவோ தே ஜிங்’ நூலின் 47ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, மிகச் சிறிய மாற்றங்களோடு பாட்டாக்கினார். வாசலைத் தாண்டாமலே உலகை அறியலாம் என்பது அதன் சாரம்.

குரல் சேர்ந்தது லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில், பிப்ரவரி 6 அன்று. சுருதி பம்பாயிலேயே நிலைத்துவிட்டது. அது உயரமாக இருந்ததால் ஹாரிசன் பாடத் தயங்கினார். குழுவில் இருந்த லெனனும் மெக்கார்ட்னியும் தைரியம் சொல்லிப் பாடவைத்தார்கள். அந்தத் தயக்கம்தான் குரலுக்கு அவ்வளவு மென்மையைக் கொடுத்தது என்று நான் நம்புகிறேன். பிப்ரவரி 8 அன்று அவர்கள் இருவரும் கடைசி அடிக்கு மட்டும் குரல் சேர்த்தார்கள். குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ இதில் இல்லை. மார்ச்சில் தட்டு வெளியானது. பீட்டில்ஸின் சிங்கிள் இசைத்தட்டில் ஹாரிசனின் பாடல் இடம்பெற்றது அதுவே முதல் முறை. இருந்தும் மறுபக்கப் பாடல் என்பதால் பெரிதாகக் கவனம் பெறவில்லை. குழு இயங்கிய காலத்தில் எந்த ஆல்பத்திலும் அது சேரவில்லை. 1988இல் ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’ தொகுப்பு வந்த பிறகுதான் பலருக்கும் எளிதாகக் கிடைத்தது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மூவரின் குரல் இருக்கிறது, தங்கள் பாட்டாக அவர்கள் வெளியிட்டார்கள், ஆகவே அது பீட்டில்ஸ் பாடல்தான். ஆனால் அந்தத் தட்டில் பம்பாய்க் கலைஞர் ஒருவரின் பெயர்கூட அச்சாகவில்லை. பாதிக்கு மேல் அவர்கள் உழைப்பு. அன்றைய வழக்கம் அது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அது போதாது. இந்தப் பாட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தப் பெயர்களைச் சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன்.

2014இல் ‘வொண்டர்வால் மியூசிக்’ ஆல்பத்தை மறுபதிப்பு செய்தபோது, பம்பாயில் எடுத்த மற்றொரு பதிவைக் குரல் இல்லாமல் சேர்த்திருக்கிறார்கள். முதலில் அதைக் கேளுங்கள், பிறகு பாட்டைக் கேளுங்கள். எது யாருடையது என்று உங்களுக்கு என்ன தோன்றுகிறது, எழுதுங்கள்.