ஜம்புவும் ஜம்போவும்

அன்புள்ள ஐயா,

போன வாரம் பேரனை அழைத்துக்கொண்டு திருவானைக்கா போயிருந்தேன். வெண்ணாவல் மரத்தடியில் யானை பூசித்த லிங்கம் என்று தலபுராணம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாவலுக்கு வடமொழியில் ஜம்பு, அதனால் ஜம்புகேசுவரர். உடனே பேரன், "யானை, ஜம்பு... அப்படியானால் ஜம்போ என்ற இங்கிலீஷ் வார்த்தை இங்கிருந்துதான் போனதா தாத்தா?" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையாக இருக்குமா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

பேரனுக்கு நல்ல காது. ஆனால் அவன் கேட்டதற்கு, இல்லை என்பதுதான் பதில். திருவானைக்காவில் ஜம்பு என்பது மரம். யானை அதன் கீழே பூசித்த பக்தன். வடமொழியில் ஜம்பு யானையைக் குறித்ததில்லை. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாடினால், எந்தச் சொல்லையும் எந்த ஊருக்கும் தத்துக் கொடுத்துவிடலாம்.

ஜம்போ என்ற சொல் 1823-இல் வெளிவந்த ஆங்கிலக் கொச்சைச்சொல் அகராதி ஒன்றிலேயே இருக்கிறது. அப்போது அதற்குத் தடித்த, அசமந்தமான ஆள் என்று பொருள். அதற்கும் முந்தைய வேரைத் தேடும் அகராதிக்காரர்கள் சிலர் ஆப்பிரிக்காவைக் கைகாட்டுகிறார்கள். கொங்கோ மொழியில் யானைக்கு 'ன்சம்பா' என்று பெயர்.

வசைச் சொல்லாக இருந்ததை உலகறிந்த சொல்லாக்கியது ஓர் ஆப்பிரிக்க யானை. 1865-இல் பாரிஸிலிருந்து லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு வந்தது. வந்தபோது அதைப் பார்த்தவர்கள் யாரும் பிரம்மாண்டம் என்று வாய்பிளந்திருக்க மாட்டார்கள். நோயும் அழுக்குமாக, ஒரு நோஞ்சான் குட்டி. மாத்யூ ஸ்காட் என்ற பாகன்தான் அதைப் பிள்ளைபோலத் தேற்றினார். ஜம்போ என்ற பெயர் முதலில் ஒட்டிக்கொண்டது, உடம்பு பிறகுதான் வளர்ந்தது. மூன்று மீட்டருக்கு மேல் உயர்ந்து, லண்டன் பிள்ளைகளை முதுகில் சுமந்து திரிந்தது.

1882-இல் அதை அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பி.டி. பார்னமுக்கு 2,000 பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். ஊரே கொதித்தது, பிள்ளைகள் விக்டோரியா மகாராணிக்குக் கடிதம் எழுதினார்கள். யானையோ தெருவில் படுத்துக்கொண்டு எழ மறுத்தது. பார்னமுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன வேண்டும்? அமெரிக்காவில் அதன் பெயரைச் சொல்லிச் சரக்கு விற்றார்கள். பெரியது எதுவானாலும் ஜம்போ என்று ஆகிவிட்டது. 1969-இல் போயிங் 747 பறந்தபோது ஜம்போ ஜெட் என்ற பெயர் தயாராகக் காத்திருந்தது. அனில் கும்ப்ளேவுக்கும் சக ஆட்டக்காரர்கள் அதே பெயரை வைத்தார்கள்.

யானை அதையெல்லாம் பார்க்கவில்லை. 1885 செப்டம்பர் 15 இரவு, கனடாவின் செயின்ட் தாமஸ் ஊரில் காட்சி முடிந்து தண்டவாளத்தின் ஓரமாக நடத்திச் சென்றபோது சரக்கு ரயில் மோதிச் செத்தது. பார்னம் விடவில்லை. எலும்புக்கூட்டைத் தனியாகவும், பாடம்செய்த தோலைத் தனியாகவும் காட்சிக்கு வைத்தார். தோல் பின்னாளில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1975-இல் அது தீயில் எரிந்தது. ஒருவர் சாம்பலைக் கொஞ்சம் அள்ளி, கையில் கிடைத்த பீநட் பட்டர் ஜாடியில் போட்டு வைத்தார். டஃப்ட்ஸில் அந்த ஜாடியை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை திருவானைக்கா போகும்போது பேரனுக்குக் கருவறை வாசலைக் காட்டுங்கள். முற்பிறவியில் சிலந்தியாக இருந்து அந்த யானையோடு மல்லுக்கு நின்ற கோச்செங்கட்சோழன், மறுபிறவியில் அரசனாகி, யானை நுழைய முடியாதபடி கட்டிய வாசல் என்பார்கள். நாமே குனிந்துதான் போக வேண்டும்.