மலைச்சரிவில் கட்டிய வீட்டில் ரேடன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பண்டாரவளைப் பக்கம் மலைச்சரிவை வெட்டிப் புது வீடு கட்டிக் குடிவந்திருப்பதாகவும், மண்ணிலிருந்து ரேடன் வாயு வரும் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலேயே சோதிக்க முடியும். புது வீடு என்பதால் கட்டாயம் சோதியுங்கள் என்றே சொல்வேன்.

தேயிலைத் தோட்டத்துப் பழைய லயக் காம்பராவில் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது கட்டுகிற வீடுகளில் கொங்கிரீட் கூரை, இறுக்கமான அலுமினிய ஜன்னல். குளிருக்குப் பொழுது சாயும்போதே எல்லாவற்றையும் சாத்திவிடுகிறோம். பின்சுவர் மண்மேட்டை ஒட்டியிருந்தால், கசிந்து வரும் வாயு படுக்கையறையிலேயே தங்கிவிடும்.

பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது பிறப்பது ரேடன். நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது சிதைந்து உண்டாகும் துகள்கள் மூச்சோடு போய் நுரையீரலில் படிகின்றன. பெக்கரல் என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு. காற்றில் கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் இருப்பது நல்லது, 300ஐத் தாண்டவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நீண்டகாலச் சராசரி ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சுமார் 16 சதவீதம் கூடுகிறது. புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. வீட்டில் பீடி, சுருட்டு பிடிப்பவர் இருந்தால் அதை நிறுத்தவைப்பதுதான் முதல் வேலை.

எந்தக் கருவி? ரேடனை உறிஞ்சிக்கொள்ளும் கரித்தூள் டப்பா சில நாட்களில் முடிவு தரும். ஆனால் ரேடன் 3.8 நாளில் பாதியாகிவிடும் என்பதால், டப்பாவை உடனே ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். மலையிலிருந்து தபாலில் வெளிநாட்டுக்கு அனுப்பினால் சரிவராது. ரேடன் சிதையும்போது வெளிவரும் அல்பா துகள்களின் தடம் பதியும் சிறு பிளாஸ்டிக் வில்லை நமக்குப் பொருத்தம்: மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை வைக்கலாம், பதிந்த தடம் அழியாது. எங்கே கிடைக்கும் என்று இலங்கை அணுசக்தி சபையிடம் விசாரித்துப் பாருங்கள்.

கனடாவிலிருந்து வந்த மச்சான் எங்கள் ஹட்டன் வீட்டுக்கு ஒரு மின்னணுக் கருவி கொண்டுவந்து தந்தார். ராத்திரி முழுக்க எண் ஏறும், காலையில் ஜன்னலைத் திறந்ததும் இறங்கும். ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாகவும் இருந்துவிட வேண்டாம். சராசரிதான் கணக்கு.

கீழ்த்தளத்தில், நீங்கள் படுக்கிற அறையில், மூச்சு விடுகிற உயரத்தில் வையுங்கள். குசினி, குளியலறை, ஜன்னலோரம் வேண்டாம். சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள், அதற்கு நம் நாட்டுக் காரணம் ஒன்று உண்டு. 1904இல் உலகுக்குத் தெரியவந்த தோரியனைட் என்ற, யுரேனியம் போலவே கதிர்வீசும் தோரியம் நிறைந்த கனிமம் பலாங்கொடைப் பக்கம் கிடைத்தது. அப்போது இலங்கையின் கனிம அளவைப் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமிக்கு அந்தக் கண்டுபிடிப்பில் பெரும் பங்கு உண்டு. தோரியத்திலிருந்து பிறக்கும் ரேடனின் இன்னொரு வகையான தோரன் வாயு ஒரு நிமிடத்துக்குள் பாதியாகிவிடும், அதனால் சுவரை ஒட்டியே அதிகம் இருக்கும். அங்கே வைத்த வில்லை அறையின் உண்மை நிலையைக் காட்டாது.

பக்கத்து வீட்டில் குறைவு என்பதால் உங்கள் வீட்டிலும் குறைவு என்று நினைக்காதீர்கள், தரை வெடிப்பு ஒன்றே கணக்கை மாற்றிவிடும். எண் கூடுதலாக வந்தால் வெடிப்புகளையும் குழாய் நுழையும் ஓட்டைகளையும் அடைத்து, காற்றோட்டம் கொடுத்து, மறுபடி அளந்து பாருங்கள். அப்புறமும் இறங்காவிட்டால் தரைக்கடியிலிருந்து கூரைக்கு மேல் ஒரு குழாய் இழுத்து, அதில் விசிறி பொருத்தி வாயுவை வெளியே தள்ளுவார்கள். தரைக்கு இன்னும் டைல்ஸ் பதிக்கவில்லை என்றால் அந்தக் குழாயை இப்போதே போட்டுவிடச் சொல்லி வீடு கட்டும் மேசன் பாஸிடம் பேசுங்கள். பிறகு தரையை உடைக்கிற செலவு மிச்சம்.